கப்பலில் அக்கா யார்? குடும்பக் கடற்பயணமும் பிள்ளைகளின் வயதும்

மயிலிட்டித் துறைக்கு மேற்கே சில கிலோமீற்றர் தொலைவிலுள்ள காங்கேசன்துறைத் துறைமுகத்துக்கு 2023ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஒரு புதிய விருந்தாளி வந்து சேர்ந்தது. சென்னையிலிருந்து புறப்பட்டு அம்பாந்தோட்டை, திருகோணமலை ஆகிய துறைமுகங்களைத் தொட்டுவந்த ‘எம்பிரஸ்’ என்னும் உல்லாசப் பயணக் கப்பலே அது. அதே ஆண்டு ஒக்டோபர் 14ஆம் திகதி நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையிலான பயணிகள் கப்பற் சேவையும் தொடங்கிவைக்கப்பட்டது. சில நாட்களிலேயே தடைப்பட்ட அச்சேவை, 2024 ஓகஸ்ட் 16ஆம் திகதி ‘சிவகங்கை’ என்ற கப்பலுடன் மீண்டும் ஆரம்பமானது. நீண்டகாலமாகப் போரையும் மீன்பிடிப் பிணக்கையும் மட்டுமே நினைவூட்டிவந்த வடகடல், குடும்பங்கள் விடுமுறையைக் கழிக்கச் செல்லும் பாதையாகவும் மாறத் தொடங்கியிருக்கின்றது.

இது ஒரு பக்கம். மறுபக்கத்தில், ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் வாழும் எம்மவர் குடும்பங்களுக்கு உல்லாசக் கப்பற் பயணம் இப்பொழுது அரிதான ஆடம்பரம் அன்று. ஐம்பதாவது பிறந்தநாள், திருமண வெள்ளிவிழா, பெற்றோரின் மணிவிழா என்று ஏதோவொரு காரணத்தை முன்னிட்டு மூன்று தலைமுறையினர் ஒன்றுசேர்ந்து மியாமியிலிருந்தோ சவுத்ஹாம்ப்டனிலிருந்தோ கப்பலேறுகின்றனர். ஊரிலிருந்து விசா பெற்றுச் செல்லும் அம்மம்மாவும் அப்பப்பாவும் அவர்களுடன் இணைந்துகொள்கின்றனர்.

இத்தகைய பயணங்களில் முதல் நாளிலேயே எழும் பிணக்கு ஒன்றுண்டு. மூத்த பிள்ளைக்குப் பதினாறு வயது, அடுத்தவனுக்குப் பன்னிரண்டு, கடைக்குட்டிக்கு எட்டு என்றால், யார் யார் எங்கே தனியாகச் செல்லலாம்? இரவு எத்தனை மணிவரை வெளியில் நிற்கலாம்? மூத்தவளின் பொறுப்பில் இளையவர்களை விட்டுவிட்டுப் பெற்றோர் ஓய்வெடுக்கலாமா? இக்கேள்விகளுக்குக் கப்பல் ஒரு விடை வைத்திருக்கின்றது. எமது குடும்ப மரபு வேறொரு விடை வைத்திருக்கின்றது. இரண்டும் எங்கே முரண்படுகின்றன, ஏன் முரண்படுகின்றன என்பதை விளங்கிக்கொள்வது கப்பலேறும் குடும்பங்களுக்கு மட்டுமன்றிக் கரையில் நிற்கும் குடும்பங்களுக்கும் பயனுடையதாகும்.

வயதால் வகுக்கப்பட்ட ஊர்

பெரிய உல்லாசக் கப்பல் என்பது மிதக்கும் ஓர் ஊர். பல்லாயிரம் பேர் வாழும் அவ்வூரில் ஒருவரையொருவர் அறிந்தவர் எவருமில்லை. ஊரில் ஒரு பிள்ளை வழிதவறி நின்றால், ‘இது இன்னாரின் மகன்’ என்று சொல்ல ஒருவராவது இருப்பார். கப்பலில் அவ்வாறு சொல்ல எவருமில்லை. ஆகவே பிள்ளையின் பிறந்த திகதியே அதன் அடையாளமாகின்றது.

முதற்படி கைக்குழந்தைகள் பற்றியது. ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளை முன்னணி நிறுவனங்கள் பல ஏற்றுவதில்லை. தொடர்ந்து மூன்று நாட்களோ அதற்கு மேலோ கரை தொடாத நீண்ட பயணங்களுக்கு ஒரு வயது நிறைந்திருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. கப்பலில் வைத்தியர் இருப்பார். சிறு மருத்துவ நிலையமும் இருக்கும். ஆனால், சிசுக்களுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு அங்கில்லை. நடுக்கடலிலிருந்து விரைவாகக் கரைசேர்க்கும் வசதியும் எப்போதும் வாய்ப்பதில்லை. அந்த விதியின் காரணம் அதுவே. கழிவறைப் பழக்கம் பெறாத குழந்தைகளைப் பொது நீச்சற் குளத்தில் இறக்கக்கூடாது என்ற தடை, அமெரிக்கத் துறைமுகங்களைத் தொடும் கப்பல்களில் அந்நாட்டுச் சுகாதார அதிகாரிகளின் விதிகளிலிருந்து வருகின்றது.

அடுத்த படி சிறுவர் மன்றங்கள். பெற்றோர் பிள்ளைகளை ஒப்படைத்துவிட்டுச் செல்லக்கூடிய, பயிற்சி பெற்ற பணியாளர் பொறுப்பாக இருக்கும் விளையாட்டிடங்கள் இவை. கார்னிவல் நிறுவனத்தின் கப்பல்களில் 2 முதல் 5, 6 முதல் 8, 9 முதல் 11 வரையென மூன்று சிறுவர் குழுக்களும், 12 முதல் 14, 15 முதல் 17 வரையென இரு விடலைப் பருவக் குழுக்களும் உள்ளன. டிஸ்னி நிறுவனத்தின் கப்பல்களில் 11 முதல் 14 வயதினருக்கு ஒரு மன்றமும் 14 முதல் 17 வயதினருக்கு இன்னொன்றும் இயங்குகின்றன. கோடுகள் நிறுவனத்துக்கு நிறுவனம் சற்று மாறினாலும் வயதைக் கொண்டு பிரிக்கும் முறை எங்கும் ஒன்றே.

அதற்கு மேல், வளர்ந்தோருக்குரிய எல்லைகள் தொடங்குகின்றன. ரோயல் கரீபியன் கப்பல்களின் அமைதிக் குளப் பகுதிக்கு 16 வயது நிறைந்திருக்க வேண்டும். கார்னிவல் கப்பல்களின் ஓய்வுத் தளத்துக்கு 21 வயது. மதுபானத்தைப் பொறுத்தவரை, வட அமெரிக்காவிலிருந்து புறப்படும் பயணங்களில் 21 என்றும் ஐரோப்பாவிலிருந்து புறப்படும் பயணங்களில் 18 என்றும் ஒரே நிறுவனத்தின் விதியே இடத்துக்கேற்ப வேறுபடுவதுண்டு. இலங்கையில் 2006ஆம் ஆண்டின் புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபைச் சட்டம் 21 வயதுக்குக் குறைந்தோருக்கு மது விற்பதைத் தடைசெய்கின்றது. ஆகவே, எமது பத்தொன்பது வயதுப் பிள்ளை ஐரோப்பியக் கடலில் வளர்ந்தவராகவும் ஊர் திரும்பும்போது சிறியவராகவும் கருதப்படலாம்.

தூங்கும் அறைக்கும் வயதுண்டு. வட அமெரிக்கப் பயணங்களில் 21 வயதுக்குக் குறைந்தோர் தனியாக அறை பெறமுடியாது என்பது ரோயல் கரீபியனின் பொது விதி. பெற்றோர் அடுத்த அறையில் இருந்தால் விலக்களிக்கப்படும். கார்னிவலோ பிள்ளையின் வயதுக்கேற்ப, பெற்றோரின் அறையிலிருந்து எத்தனை அறை தள்ளித் தங்கலாம் என்றே அளந்து வைத்திருக்கின்றது. பதினேழு வயதுவரை உள்ளவர்கள் நள்ளிரவுக்குப் பின் ஒரு மணிக்கு மேல் வளர்ந்தவர் துணையின்றிப் பொது இடங்களில் நிற்கக்கூடாது என்ற ஊரடங்கும் இத்தகைய கப்பல்களில் உண்டு.

உறவு செல்லாத இடம்

இவ்வளவு நுணுக்கமான கோடுகளில் ஒன்றைக் காணமுடியாது. அதுதான் உடன்பிறப்பு. கப்பலின் ஏட்டில் அண்ணன், அக்கா, தம்பி, தங்கை என்ற உறவுகளுக்குத் தனி நிலை கிடையாது. ஒவ்வொரு பிள்ளையும் தனித்தனிப் பயணி. ஒவ்வொருவருக்கும் தனித்தனி வயது.

இதன் விளைவு முதல் நாளிலேயே தெரியும். பதினொரு வயதுத் தம்பி சிறுவர் குழுவுக்கும் பன்னிரண்டு வயது அண்ணன் விடலைக் குழுவுக்கும் போகவேண்டும். வீட்டில் ஒரே கட்டிலில் உறங்கி, ஒரே பாடசாலைக்குச் சென்று, ஒரே கணினிக்காகச் சண்டையிட்ட இருவர், சில மாத வயது வித்தியாசத்தால் இரு தளங்களில் பிரிக்கப்படுகின்றனர். ‘இருவரையும் ஒன்றாக விடுங்கள்’ என்று பெற்றோர் கேட்பதும் பணியாளர் மறுப்பதும் வழமையான காட்சிகள். மூத்தவனைக் கீழிறக்கினால் அங்குள்ள சிறுவர்களிடையே வலிமை மிகுந்த ஒருவனைக் கொண்டுவிடுவதாகும். இளையவனை மேலேற்றினால், மேற்பார்வை குறைந்த இடத்தில் ஒரு சிறுவனை விடுவதாகும். ஒரு குடும்பத்துக்கு விலக்களித்தால் அடுத்த குடும்பத்துக்கு மறுக்கமுடியாது என்பது மூன்றாவது காரணம்.

பிள்ளையைத் திரும்ப அழைத்துச் செல்லும்போதும் அதே நிலைதான். சிறுவர் மன்றத்திலிருந்து பிள்ளையை யார் அழைத்துச் செல்லலாம் என்பதைப் பெற்றோர் முன்கூட்டியே பதிவுசெய்து கையொப்பமிட வேண்டும். பெயர் குறிக்கப்படாத அக்கா வாசலில் வந்து நின்று, ‘நான் இவளின் சொந்த அக்கா’ என்றால் அச்சொல்லுக்கு அங்கே மதிப்பில்லை. ஒன்பது வயதுக்கு மேற்பட்ட பிள்ளை, பெற்றோர் அனுமதித்தால், தானே கையொப்பமிட்டு வெளியேறலாம் என்று சில நிறுவனங்கள் அனுமதிக்கின்றன. அவ்வாறு வெளியேறும் பிள்ளைக்கு அதன்பின் கப்பல் பொறுப்பில்லை. ஒரு கையொப்பம் பிள்ளைக்குச் சுதந்திரத்தை அளிக்கின்றது. அதே கையொப்பம் நிறுவனத்தை விடுவித்துப் பெற்றோரின் தோளில் பொறுப்பை ஏற்றுகின்றது. இந்த இரண்டாவது பக்கத்தைப் பல பெற்றோர் படிப்பதேயில்லை.

தாய்க்கு அடுத்தவள்

எமது மரபில் பிள்ளையின் நிலையைத் தீர்மானிப்பது வயதைவிடப் பிறப்பொழுங்கே. எட்டு வயதுச் சிறுமிக்கு ஒரு தம்பி பிறந்துவிட்டால் அவள் அன்றே ‘பெரிய பிள்ளை’ ஆகிவிடுகின்றாள். ‘அக்கா சொல்வதைக் கேள்’ என்று இளையவனுக்கும், ‘தம்பியைப் பார்த்துக்கொள்’ என்று மூத்தவளுக்கும் இடப்படும் கட்டளைகள் எங்கள் வீடுகளின் எழுதப்படாத சட்டம். தாய்க்கு அடுத்தவள் தமக்கை என்ற எண்ணம் எமது பேச்சிலும் பழக்கத்திலும் ஆழ ஊறியது.

அந்தச் சட்டம் எங்களைக் காப்பாற்றிய காலமும் உண்டு. 1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மயிலிட்டி மக்கள் தமது வீடுகளையும் படகுகளையும் வலைகளையும் விட்டு வெளியேறினர். இலங்கையின் முக்கிய மீன்பிடித் துறைகளுள் ஒன்றாக விளங்கிய அத்துறைமுகம் 2017 ஜூலையில் விடுவிக்கப்படும்வரை இருபத்தேழு ஆண்டுகள் அவர்கள் தமது மண்ணை மிதிக்க முடியவில்லை. முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் கழிந்த அவ்வாண்டுகளில், தந்தை தொழில் தேடியும் தாய் கூலிவேலைக்கும் சென்ற பொழுதுகளில் இளையவர்களைப் பார்த்துக்கொண்டவர்கள் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளே. நிவாரண வரிசையில் நின்றவர்களும், தண்ணீர் சுமந்தவர்களும், தம்பிக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர்களும் அவர்களே. வலிகாமம் வடக்கில் மட்டுமன்றி இடம்பெயர்ந்த எல்லா ஊர்களிலும் இதுவே நடந்தது. (காங்கேசன்துறைக்கு வந்த ‘எம்பிரஸ்’ கப்பல் பிரான்ஸில் கட்டி முடிக்கப்பட்டதும் அதே 1990ஆம் ஆண்டில்தான். ஒரே ஆண்டில் உலகின் ஒரு மூலையில் விடுமுறைக்கான கப்பலும் இன்னொரு மூலையில் அகதி வாழ்வும் தொடங்கின.)

அன்று பத்து வயதில் தம்பியைச் சுமந்த பிள்ளை இன்று நாற்பத்தைந்தைக் கடந்த தாய் அல்லது தந்தை. அவர்களிற் பலர் புலம்பெயர்ந்தனர். கப்பற் பயணத்துக்குப் பணம் செலுத்தும் தலைமுறை அதுவே. அவர்களிடம் இருவகைப் போக்குகளைக் காண்கின்றோம். ‘நான் இந்த வயதில் குடும்பத்தையே பார்த்தேன், நீ தங்கையை ஒரு மணித்தியாலம் பார்க்கமாட்டாயா?’ என்று கேட்பவர்கள் ஒரு சாரார். ‘நான் பட்டது போதும், என் பிள்ளை என் கண்ணைவிட்டு அகலக்கூடாது’ என்று பதினேழு வயதிலும் கையைப் பிடித்துச் செல்பவர்கள் மறுசாரார். இரண்டும் ஒரே காயத்திலிருந்து பிறந்தவை. முதலாவது பிள்ளைக்கு அதன் வயதுக்கு மிஞ்சிய சுமையைக் கொடுக்கின்றது. இரண்டாவது அதன் வயதுக்குரிய சுதந்திரத்தை மறுக்கின்றது.

நெருக்கடியில் பிள்ளைகள் ஏற்ற பொறுப்பு வணக்கத்துக்குரியது. அதை விடுமுறைக் காலத்துக்கான விதியாக்குவது நியாயமன்று. பெற்றோர் இசை நிகழ்ச்சியில் அமர்ந்திருக்க, பதினாறு வயது மகள் ஏழு நாளும் தங்கையின் பின்னால் ஓடுகின்றாள் என்றால், அக்குடும்பத்தில் விடுமுறை கிடைக்காத ஒருவர் இருக்கின்றார். அவளுக்கும் பயணச்சீட்டு வாங்கப்பட்டிருக்கின்றது என்பதை நினைவிற்கொள்ளல் வேண்டும்.

மகனுக்கொரு விதி, மகளுக்கொரு விதி

உடன்பிறப்புகளிடையே மூளும் பூசல்களில் மிகக் கூர்மையானது இதுவே. பதினான்கு வயது மகன் இரவு பதினொரு மணிக்கு விளையாட்டுத் தளத்தில் நிற்கலாம். பதினாறு வயது மகள் ஒன்பது மணிக்கு அறைக்குத் திரும்பிவிட வேண்டும். கப்பலின் விதியில் இப்படி ஒரு வேறுபாடு இல்லை. பெற்றோரின் மனத்தில்தான் உள்ளது. விசித்திரம் யாதெனில், பொறுப்பு என்று வரும்போது மகள் ‘பெரியவள்’. சுதந்திரம் என்று வரும்போது அவளே ‘சின்னப்பிள்ளை’. தங்கையைக் குளிக்கவார்க்க அவளுக்கு வயது போதும், தோழியருடன் படம் பார்க்க வயது போதாது என்றால் அந்தத் தர்க்கத்தை எந்தப் பதினாறு வயதும் ஏற்றுக்கொள்ளாது.

பெற்றோரின் அச்சம் பொய்யென்று கூறவில்லை. கப்பலில் முன்பின் அறியாதோர் நிறைந்திருக்கின்றனர். மது தாராளமாகப் புழங்குகின்றது. அத்துமீறல்கள் கப்பல்களிலும் நிகழ்ந்துள்ளன. அதனாலேயே அமெரிக்கா 2010ஆம் ஆண்டில் உல்லாசக் கப்பற் பாதுகாப்புக்கென ஒரு தனிச் சட்டத்தை இயற்றி, கடுமையான குற்றங்களை அறிக்கையிட வேண்டும் என்றும், அறைக் கதவுகளில் வெளியே நிற்பவரைப் பார்க்கும் வசதி இருக்கவேண்டும் என்றும் விதித்தது. ஆயினும், ஆபத்து ஆண்பிள்ளையைத் தீண்டாது என்று எண்ணுவது தவறு. எவருடைய அறைக்குள்ளும் செல்லாதே, பணியாளராயினும் தனியிடத்துக்கு அழைத்தால் போகாதே, எவர் தந்தாலும் திறந்த கோப்பையிலிருந்து குடிக்காதே என்ற மூன்று அறிவுரைகளும் மகனுக்கும் மகளுக்கும் ஒரே குரலில் சொல்லப்படவேண்டியவை.

வயதைக் கேளாத கடல்

சட்டம் வயதைப் பார்க்கின்றது. கடலோ பிள்ளையின் எடையையும் உயரத்தையும்தான் பார்க்கின்றது. சர்வதேச விதிகளின்படி உயிர்காப்பு அங்கிகள் மூவகைப்படும். 15 கிலோகிராமுக்கும் 100 சென்ரிமீற்றருக்கும் குறைந்தவர்களுக்குச் சிசு அங்கி. அதற்கு மேல் 43 கிலோகிராமுக்கும் 155 சென்ரிமீற்றருக்கும் உட்பட்டவர்களுக்குச் சிறுவர் அங்கி. அதற்கு மேற்பட்டோருக்கு வளர்ந்தோர் அங்கி. பத்து வயதுப் பிள்ளைக்கு வளர்ந்தோரின் அங்கியை மாட்டிவிட்டால் அது தலைக்கு மேலாகக் கழன்றுவிடக்கூடும். அறைக்குள் நுழைந்தவுடன் பெற்றோர் செய்யவேண்டிய முதல் வேலை, ஒவ்வொரு பிள்ளைக்கும் உரிய அளவில் அங்கி இருக்கின்றதா எனப் பார்த்து, இல்லாவிடின் கேட்டுப் பெறுவதாகும்.

2012 ஜனவரி 13ஆம் திகதி இத்தாலியக் கரையோரத்தில் ‘கொஸ்ரா கொன்கோர்டியா’ பாறையில் மோதிச் சரிந்து 32 பேர் உயிரிழந்தனர். அன்றுதான் கப்பலேறியிருந்த பயணிகள் பலருக்கு அவசர ஒத்திகை நடத்தப்பட்டிருக்கவில்லை. அதற்குப் பின்னரே, புதிதாக ஏறிய பயணிகளுக்குக் கப்பல் புறப்படுமுன் அல்லது புறப்பட்ட உடனேயே ஒத்திகை நடத்தவேண்டும் என்ற திருத்தம் 2015 ஜனவரி முதலாம் திகதி நடைமுறைக்கு வந்தது. அவ்வொத்திகையைச் சலிப்பூட்டும் சடங்கென்று கருதிப் பிள்ளைகளை நீச்சற் குளத்துக்கு அனுப்பிவிடும் பெற்றோர் இன்றும் உள்ளனர்.

உடன்பிறப்புகளைப் பொறுத்தவரை ஒத்திகையில் கேட்டறியவேண்டிய வினா ஒன்றுண்டு: எச்சரிக்கை ஒலிக்கும்போது பிள்ளைகள் வெவ்வேறு தளங்களில் இருந்தால் என்ன செய்வது? சிறுவர் மன்றத்திலிருக்கும் பிள்ளைகளைப் பணியாளர் ஒன்றுகூடும் இடத்துக்கு அழைத்துச் செல்வது பெருங்கப்பல்களின் வழமை; அதற்காகவே சிறுவர்களின் கையில் அந்த இடம் குறிக்கப்பட்ட பட்டி அணிவிக்கப்படுகின்றது. தம்பியைத் தேடி அக்கா எதிர்த்திசையில் ஓடினால் இருவருமே தவறிப்போகலாம். இங்கே ‘தம்பியைப் பார்த்துக்கொள்’ என்ற வீட்டுக் கட்டளையே ஆபத்தாகிவிடுகின்றது. ‘நீ உன் இடத்துக்குப் போ, தம்பியை அவனுடைய பொறுப்பாளர் கொண்டுவருவார், நாங்கள் அங்கே வருவோம்’ என்று முன்கூட்டியே சொல்லிவைப்பது மூத்த பிள்ளையை ஒரு கொடிய குற்றவுணர்விலிருந்தும் காப்பதாகும்.

மாடத்துடன் கூடிய அறைகளில் இன்னொரு கவனம் தேவை. அமெரிக்கத் துறைமுகங்களைத் தொடும் கப்பல்களின் கைப்பிடிச் சுவர் 42 அங்குலத்துக்குக் குறையக்கூடாது. அது நான்கைந்து வயதுப் பிள்ளையின் முழு உயரம். ஆனால், அருகில் ஒரு கதிரை இருந்தால் அந்த உயரத்துக்குப் பொருளில்லை. மாடமுள்ள அறையில் சிறு பிள்ளையை இன்னொரு சிறு பிள்ளையின் காவலில் விட்டுச்செல்வது எக்காரணத்தைக் கொண்டும் ஏற்கத்தக்கதன்று.

சட்டங்கள் சொல்வது என்ன?

எந்த வயதில் ஒரு பிள்ளை தனித்திருக்கலாம் என்பதற்கு உலகப் பொதுவான சட்டம் கிடையாது. பிரித்தானியாவில் அதற்கென நிர்ணயிக்கப்பட்ட வயது இல்லை. ஆயினும் பன்னிரண்டு வயதுக்குக் குறைந்தோரை நீண்டநேரம் தனியே விடுவது பொருத்தமன்று என்பது அங்குள்ள சிறுவர் பாதுகாப்பு அமைப்பான என்.எஸ்.பி.சி.சி.யின் அறிவுரை. கனடாவின் ஒன்ராரியோ மாகாணச் சட்டம், பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளையை நியாயமான மேற்பார்வைக்கு ஏற்பாடு செய்யாது விட்டுச்செல்லலாகாது என்கின்றது. இலங்கையில் 1989 முதல் 18 வயதே உரிய வயது. கட்டாயக் கல்வி வயது 2016இலும் வேலைக்கு அமர்த்தும் குறைந்தபட்ச வயது 2021இலும் 16 ஆக உயர்த்தப்பட்டன.

இவையெல்லாவற்றுக்கும் அடியில் நிற்கும் கருத்து ஒன்று 1989ஆம் ஆண்டின் சிறுவர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தில் இடம்பெற்றுள்ளது. இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட அச்சமவாயத்தின் ஐந்தாம் உறுப்புரை, பிள்ளையின் வளர்ந்துவரும் ஆற்றலுக்கு ஏற்றவாறு பெற்றோர் வழிகாட்ட வேண்டும் என்கின்றது. பதினெட்டாவது பிறந்தநாள் காலையில் திடீரென வந்திறங்கும் பொருளன்று சுதந்திரம். அது படிப்படியாகக் கையளிக்கப்படுவது. கப்பல் வகுத்துள்ள வயதுக் கோடுகள் குறைந்தபட்ச எல்லைகள் மாத்திரமே. பன்னிரண்டு வயது நிறைந்துவிட்டது என்பதற்காக ஒவ்வொரு பன்னிரண்டு வயதும் தனியே உலாவத் தகுதி பெற்றுவிடுவதில்லை. அந்த மிகுதியை அளக்கவேண்டியவர்கள் பெற்றோரே.

பெயர் தரும் தொல்லை

எம்மவருக்கே உரிய சிக்கல் ஒன்றையும் இங்கு குறிப்பிடல் தகும். தந்தையின் பெயரை முன்னிறுத்தும் எமது வழக்கத்தால், தாயின் கடவுச்சீட்டில் அவருடைய தந்தை பெயரும் பிள்ளையின் கடவுச்சீட்டில் வேறு பெயரும் இருப்பது இயல்பு. ஊரில் பிறந்த மூத்த பிள்ளைக்கு ஒருவகையிலும் வெளிநாட்டில் பிறந்த இளைய பிள்ளைக்கு வேறுவகையிலும் குடும்பப் பெயர் பதியப்பட்டிருப்பதும் உண்டு. உடன்பிறந்தோர் என்று முகம் சொன்னாலும் தாள் சொல்லாது. தாய் மட்டுமோ, சித்தப்பா மாமா முதலியோரோ பிள்ளைகளை அழைத்துச் செல்லும்போது குடிவரவு மேசையில் கேள்விகள் எழுகின்றன. பிறப்புச் சான்றிதழின் பிரதியையும், உடன்வராத பெற்றோர் சட்டத்தரணி முன்னிலையில் ஒப்பமிட்ட சம்மதக் கடிதத்தையும் எடுத்துச் செல்வது இத்தொல்லையைப் பெருமளவு தவிர்க்கும். பெற்றோர் துணையின்றி அல்லது ஒருவருடன் மட்டும் வெளிநாடு செல்லும் பிள்ளைகளுக்கு இத்தகைய கடிதத்தைக் கனடா அரசு பரிந்துரைக்கின்றது.

குடும்பம் செய்யவேண்டியவை

கப்பலின் விதிகளைப் பயணத்துக்கு முன்னரே படித்து, பிள்ளைகளுடன் அமர்ந்து பேசவேண்டும். அறைகளைப் பதிவுசெய்யுமுன் இதைச் செய்தால் ஏமாற்றங்கள் குறையும். தம்பியும் அண்ணனும் வெவ்வேறு குழுக்களுக்குச் செல்ல நேரும் என்பதைக் கப்பல் வாசலில் வைத்து அறிவதைவிட வீட்டில் வைத்து அறிவது நல்லது.

ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியே மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். வழிதவறினால் யாரிடம் செல்வது என்று அதற்குத் தெரியுமா? சொன்ன நேரத்துக்குச் சொன்ன இடத்துக்கு வந்து சேருகின்றதா? பிழையொன்று நடந்தால் அதை மறைக்காமல் வந்து சொல்லுமா? மூன்றாவது கேள்வியே முதன்மையானது. அதற்கான விடை பிள்ளையைவிடப் பெற்றோரையே பெரிதும் சார்ந்தது. பிழை சொன்னால் அடி விழும் வீட்டில் பிள்ளை உண்மை சொல்லாது.

மூத்த பிள்ளையிடம் பொறுப்பு ஒப்படைப்பதாயின் அது அளவோடு இருக்கட்டும். காலை உணவுக்குத் தங்கையை அழைத்துச் செல்வது, பகலில் ஒரு மணித்தியாலம் உடனிருப்பது போன்றவை அன்பை வளர்க்கும். அதற்கு மேற்பட்டதைச் செய்யப் பயிற்சி பெற்ற பணியாளர் இருக்கின்றனர். நீச்சற் குளத்தருகே சிறுவர்களைக் காப்பது எந்நிலையிலும் பெற்றோரின் கடமை. அம்மம்மாவும் அப்பப்பாவும் ஓய்வுக்காக அழைத்துவரப்பட்டவர்கள் என்பதும் மறக்கப்படலாகாது. வீட்டில் ஆண்டு முழுவதும் பேரப்பிள்ளைகளைப் பார்ப்பவர்களைக் கப்பலிலும் அதே வேலையில் அமர்த்துவது விருந்தோம்பலாகாது.

எமது கரையிலும் வேண்டும் ஒழுங்கு

இவையெல்லாம் பணம் படைத்தோரின் கவலைகள் என்று சிலர் எண்ணக்கூடும். குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் செல்லும் படகுகளில் நாள்தோறும் எங்கள் பிள்ளைகள் ஏறுகின்றனர். திருவிழாக் காலத்தில் ஒரு குடும்பம் இரு படகுகளில் பிரிந்து ஏறுவதும், பத்து வயதுப் பிள்ளையின் கையில் நான்கு வயதுப் பிள்ளை ஒப்படைக்கப்படுவதும் புதியனவல்ல. 2021 நவம்பர் 23ஆம் திகதி கிண்ணியா குறிஞ்சாக்கேணியில், பாலப் பணி நடந்துகொண்டிருந்த இடத்தில் மாற்றுப் போக்குவரத்தாக ஓடிய இழுவைப்படகு கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலர் உயிரிழந்தனர். கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் நிகழ்ந்த அத்துயரம், கடலாயினும் களப்பாயினும் பிள்ளைகளுக்கான ஒழுங்குகள் எங்கும் தேவை என்பதை உணர்த்தியது.

சிறுவருக்குரிய அளவில் உயிர்காப்பு அங்கிகள், சிறு பிள்ளைக்கு அருகில் வளர்ந்தவர் ஒருவர், ஏறியோரின் எண்ணிக்கைப் பதிவு ஆகிய மூன்றும் பெருஞ்செலவின்றிச் செய்யக்கூடியவை. காங்கேசன்துறைக்கு வரும் கப்பல்கள் பெருகவேண்டுமென விரும்பும் அதிகாரிகள், உள்ளூர்ப் படகுகளிலும் இதே அக்கறையைக் காட்டுவார்களாக.

கடற்றொழிற் குடும்பங்களுக்கு இது புதிய பாடமுமன்று. நீந்தத் தெரியுமா, காற்றின் போக்கு புரிகின்றதா, சொல் கேட்கின்றானா என்றெல்லாம் பார்த்த பின்பே ஒரு பையனைக் கடலுக்கு அழைத்துச் செல்வது முன்னோர் கைக்கொண்ட விவேகம். அண்ணன் போகின்றான் என்பதற்காகத் தம்பியை ஏற்றியதில்லை. இன்று சட்டம் அதற்கு ஒரு வயதெல்லையையும் விதித்திருக்கின்றது. சட்டத்தின் வயதும் முன்னோரின் விவேகமும் சேர்ந்தே ஒரு பிள்ளையின் தகுதியை அளக்கமுடியும். அவ்வாறு அளந்து, மகன் மகள் என்ற பேதமின்றி, மூத்தது இளையது என்ற சுமையின்றி, ஒவ்வொரு பிள்ளைக்கும் அதற்குரிய சுதந்திரத்தைக் கையளிப்பதே பெற்றோரின் கடன். இருபத்தேழு ஆண்டுகள் பொறுப்பை மட்டுமே அறிந்து வளர்ந்த ஒரு தலைமுறை, தன் பிள்ளைகளுக்குக் கொடுக்கக்கூடிய மிகச் சிறந்த பரிசு, வயதுக்குரிய பிள்ளைப்பருவமே ஆகும்.